நாம் உருவாக்கிய ஆள் அடுத்த பாகத்தில் எதிரே வந்தபோது

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வீடியோ கேமின் முதல் பாகத்தில் பெயர், முகம், குணம் எல்லாம் நாமே வைத்து ஓர் ஆளை உருவாக்குகிறோம். மாதக்கணக்கில் அவனோடு அலைகிறோம். பிறகு இரண்டாம் பாகம் வருகிறது. அந்த ஆளை அவர்கள் என்ன செய்தார்கள்? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். முதல் பந்தியில் நானே உட்காருகிறேன்.

எங்கள் ஊர் கேரளத்தில் இருக்கிறது, எங்கள் வாய் தமிழில் இருக்கிறது. கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் நேரே பொள்ளாச்சிச் சாலை. 2002 வாக்கில் நானும் என் மாமன் மகனும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு பிரௌசிங் சென்டர். மணிக்கு 20 ரூபாய். கடைசி மூலையில் இருந்த கணினியில் மட்டும் ‘டயாப்ளோ’ இருந்தது. நாங்கள் விளையாடியது எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்ததால், வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் வாசலில் நின்று காத்திருப்போம்.

அந்த விளையாட்டில் மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்: வாள் வீரன், வில் எய்யும் பெண், மந்திரவாதி. பெயரை நாமே வைக்க வேண்டும். நான் வாள் வீரனை எடுத்துக்கொண்டு, எங்கள் குலதெய்வத்தின் பெயரையே வைத்தேன்: கருப்பசாமி. மாமன் மகன் வில்காரியை எடுத்தான். டிரிஸ்ட்ரம் என்ற சிற்றூர். அங்கே ஒரு பாழடைந்த தேவாலயம். அதன் அடியில் 16 அடுக்குகள். கடைசி அடுக்கில் டயாப்ளோ. அந்தப் பேயைக் கொன்ற பிறகு வரும் காட்சியை நான் இன்றும் மறக்கவில்லை. அதன் நெற்றியிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்கித் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்கிறான் நம் ஆள். பேயைத் தன் உடம்புக்குள் சிறை வைக்கிறானாம். ‘பார்த்தாயா, கருப்பசாமி ஊருக்காகத் தன்னையே கொடுத்துவிட்டார்’ என்றேன். மாமன் மகனுக்கும் கண் கலங்கியது.

இரண்டாம் பாகம் 2000இலேயே வெளிவந்திருந்தது. பொள்ளாச்சி மூலைக்கு வந்துசேர மூன்று வருடம் ஆயிற்று. அதில் கறுப்புத் துணியைத் தலைவரை போர்த்திக்கொண்டு ஒருவன் ஊர் ஊராக நடக்கிறான். அவன் போன வழியெல்லாம் பிணம். யாரென்று பார்த்தால் என் கருப்பசாமி. உள்ளே அடைத்த பேய் அவரைத் தின்று முடித்து, அவரே டயாப்ளோ ஆகிவிட்டார். மாமன் மகனின் வில்காரி மட்டும் என்ன வாழ்ந்துவிட்டாள்? தொடக்கத்திலேயே ஒரு சுடுகாட்டில் பிணங்களை எழுப்பிக்கொண்டு நிற்கிறாள். பிளட் ரேவன் என்று பெயர். நாங்களேதான் அவளைக் கொல்ல வேண்டும். மந்திரவாதியும் பைத்தியம் பிடித்து இரண்டாம் கட்டத்தில் எதிரியாக வருகிறான். ஆக, மூன்று பேரில் யாரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் தப்பவில்லை.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் புலம்பினேன். பாட்டிக்குக் கணினி தெரியாது, கருப்பசாமியைத் தெரியும். ‘காவல் நிற்கிற சாமிக்குப் படையல் போடாமல் விட்டால் அது ஊரைத்தான் தின்னும். அந்த ஊர்க்காரன் எவனாவது ஒரு சேவல் அறுத்தானா?’ என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், டிரிஸ்ட்ரத்தில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. காயத்துக்கு மருந்து கொடுக்கும்போதுகூடக் காசு வாங்கினார்கள்.

அதனால் இரண்டாம் பாகத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. நெற்றியில் கல்லைக் குத்தியதை முதல் பாகமே காட்டிவிட்டது. அதன் கணக்கைத்தான் இவர்கள் முடித்தார்கள். கோபம் வந்தது 2012இல், மூன்றாம் பாகத்தில். அந்த வாள் வீரனின் பெயர் ஏய்டன், அவன் ராஜா லியோரிக்கின் மகன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள். பேயாக்கியதைத் தாங்கிக்கொண்ட எனக்குப் பெயரை மாற்றியதைத் தாங்க முடியவில்லை.

புளியரை மழை:

கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்னது நெஞ்சில் பட்டது. என் கதையில் பெயரைக்கூட விட்டுவைத்தார்கள்; ஆளைத்தான் தொலைத்தார்கள்.

‘மாஸ் எஃபெக்ட்’ என்ற வரிசை. 2007, 2010, 2012 என மூன்று பாகங்கள். மூன்றிலும் ஒரே நாயகன், கமாண்டர் ஷெப்பர்ட். ஆணா பெண்ணா, என்ன முகம், எங்கே பிறந்தவர், நல்லவரா முரடரா என்பது நம் கையில். முன்பெயரை நாம் வைக்கலாம். ஷெப்பர்ட் என்ற குடும்பப்பெயரை மாற்ற முடியாது. காரணம் எளிது: குரல் கொடுப்பவர்கள் நீங்கள் வைத்த பெயரை உச்சரிக்க முடியாது, ஆகவே எல்லோரும் ‘ஷெப்பர்ட்’ என்றே கூப்பிடுவார்கள். எனக்கு இது கொஞ்சம் தமாஷாகப் பட்டது. நமக்குத் தந்தை பெயர் முன்னால் ஒற்றை எழுத்தாக ஒதுங்கி நிற்கும். அங்கே குடும்பப்பெயரே முழு ஆளாக நிற்கிறது.

முதல் பாகத்தை முடித்தபோது, நம் ஆட்டத்தின் பதிவாக ஒரு சேவ் கோப்பு உண்டாகும். அதை இரண்டாம் பாகத்திடம் கொடுத்தால், யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்று அது படித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. நான் என் ஷெப்பர்டை மூன்று முறை விளையாடி, வ்ரெக்ஸ் என்ற முரட்டுத் தோழனைச் சாகாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். விர்மைர் என்ற கிரகத்தில் அவன் துப்பாக்கியை நம் மீதே நீட்டுவான். பேசிச் சமாதானப்படுத்தத் தெரியாவிட்டால் அவன் சாக வேண்டியதுதான். நான் பேசிப் பிழைக்க வைத்தேன். அதில் எனக்குப் பெருமை.

2009 ஐப்பசியில் ஓர் இடி. எங்கள் பக்கத்து மலையடிவார வீடுகளில் இடி விழுந்தால் முதலில் போவது டிவி, அடுத்தது கணினி. எனக்கு ஹார்ட் டிஸ்க் போயிற்று. இரண்டாம் பாகம் வந்தபோது கொடுக்க என்னிடம் கோப்பு இல்லை. கோப்பு இல்லாதவர்களுக்கு அவர்களே ஒரு கடந்தகாலத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். டுச்சாங்கா என்ற கிரகத்தில் இறங்கி, வ்ரெக்ஸ் எங்கே என்று தேடினேன். தலைவன் இருக்கையில் ரீவ் என்ற வேறொருவன் உட்கார்ந்திருந்தான். வ்ரெக்ஸ் விர்மைரில் செத்துவிட்டானாம். நான்தான் காரணமாம்.

எங்கள் வீட்டில் இதற்கு முன்னோடி உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம். அன்றிலிருந்து சென்னை மாநிலம். என் தாத்தாவின் நிலப் பத்திரம் மலையாள எழுத்தில் இருந்தது. வருடம் பல கழித்து அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, இங்கே அப்படி ஒருவர் பெயரே பதிவில் இல்லை என்றார்கள். தாத்தா அப்போது உயிரோடு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். தாள் இருந்தால்தான் ஆள். ஷெப்பர்டுக்கும் அதே விதி.

பிறகு புதுக் கணினி வாங்கி முதல் பாகத்தை மறுபடி விளையாடினேன், வ்ரெக்ஸை மறுபடி காப்பாற்றினேன், கோப்பை இரண்டு பென் டிரைவில் போட்டு ஒன்றை அம்மாவின் பீரோவில் வைத்தேன். மூன்றாம் பாகம் 2012 மார்ச்சில் வந்தது. கோப்பைக் கொடுத்தேன். எல்லாம் நினைவில் இருந்தது, முகம் மட்டும் வரவில்லை! முதல் பாகத்திலிருந்து வரும் முகங்களை அதனால் படிக்க முடியவில்லை என்று உலகம் முழுக்க ஒரே கூச்சல். அடுத்த மாதம் திருத்தம் விட்டார்கள். அதுவரை பொறுக்காமல் பழைய முகத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கையும் தாடையையும் நானே செதுக்கினேன். வந்தது ஷெப்பர்டின் சித்தப்பா மகன் போல ஒருவன். திருத்தம் வந்த பிறகும் அவனை மாற்ற மனம் வரவில்லை.

வாளையாறு லாரி:

மேலே இருவரும் தொலைத்த கதை சொல்கிறீர்கள். நான் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட கதை சொல்கிறேன்.

‘பால்டர்ஸ் கேட்’ முதல் பாகம் 1998, இரண்டாம் பாகம் 2000. முதலில் உருவாக்கிய ஆளை அப்படியே இரண்டாவதற்குக் கொண்டுபோகலாம். பெயர், வகை, பலம் எல்லாம் கூடவே வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்களோடு யார் பயணம் செய்தார்கள் என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். இரண்டாம் பாகம் ஒரு மந்திரவாதியின் சிறையில் தொடங்குகிறது. நம் கூண்டைத் திறந்துவிடுகிறவள் முதல் பாகத்துத் தோழி இமோயன். ஜஹீராவும் மின்ஸ்கும் பக்கத்துக் கூண்டுகளில். ஜஹீராவின் கணவன் காலித்தும், மின்ஸ்க் காவல் காத்த டைனாஹீரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள் என்று சொல்லி அழுகிறார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. முதல் பாகத்தில் ஜஹீராவையும் காலித்தையும் விடுதி வாசலிலேயே ‘போய் வாருங்கள்’ என்று அனுப்பிவைத்தவன் நான். மின்ஸ்கை ஓநாய்களிடம் பறிகொடுத்தேன், எழுப்பவும் இல்லை. அவன் இங்கே முழு உடம்போடு நின்று, நாம் எத்தனை போர் கண்டோம் என்கிறான்.

கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியவர் கன்னத்தைக் கிள்ளி, ‘உன்னை இந்தத் தோளில் தூக்கி வளர்த்தேன், மறந்துவிட்டாயா?’ என்பாரே, அதேதான். மறுக்கவும் முடியாது, பந்தியில் பக்கத்திலேயே உட்காருவார். நானும் சிரித்துக்கொண்டே ஜஹீராவைச் சேர்த்துக்கொண்டேன். கடைசிவரை கூடவே வந்தார், நன்றாகவும் சண்டை போட்டார். இருந்தாலும் அந்த முதல் அரை மணி நேரம் நான் வேறு யாருடைய வீட்டுத் துக்கத்திலோ உட்கார்ந்திருந்தேன்.

தறிச்சத்தம் நகரி:

என்னுடையது சின்னது. ‘போக்கிமான் கோல்டு.’ சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா கொடுத்த பழைய கேம் பாய். முதல் பாகத்தைப் பக்கத்து வீட்டு அண்ணாவின் இயந்திரத்தில் விளையாடி முடித்திருந்தேன். என் ஆளுக்கு என் பெயரேதான்.

இரண்டாம் பாகத்தில் எல்லாவற்றையும் முடித்த பிறகு சில்வர் மலை என்று ஒன்று இருக்கிறது. உள்ளே இருட்டு. மேலே ஏறிப் போனால் உச்சியில் ஒரு பையன் தனியாக நிற்கிறான். பெயர் ரெட். முதல் பாகத்தில் நாம் ஆடிய பையன். கிட்டே போய்ப் பேசினால் மூன்று புள்ளிகள் மட்டும் வரும். பேச்சே இல்லை. நேரே சண்டை.

அவன் வைத்திருந்த சண்டைப் பிராணிகளின் குழுவைப் பாருங்கள்: 81ஆம் நிலைப் பிக்காச்சு, கூடவே வீனுசார், சாரிசார்ட், பிளாஸ்டாய்ஸ் மூன்றும். முதல் பாகத்தின் தொடக்கத்தில் மூன்று குட்டிகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நீங்கள் எதை எடுத்திருந்தாலும் அது இவனிடம் வளர்ந்து நிற்க வேண்டும் என்று மூன்றையுமே கொடுத்துவிட்டார்கள். இதைவிட மரியாதையான விடையை நான் பார்த்ததில்லை. ஆறு முறை தோற்றேன். ஏழாவது முறை வென்றபோதும் அவன் மூன்று புள்ளிதான் சொன்னான், திரை இருண்டு வெளுத்தது, ஆள் இல்லை.

நான் பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், தறிக்கூடத்தில் இரண்டும் கலந்த ஒன்று. அவன் வாயைத் திறந்து ஏதாவது ஒரு மொழியில் பேசியிருந்தால் அது வேறு யாரோ என்று எனக்குத் தெரிந்திருக்கும். பேசாமல் நின்றதால்தான் நானேதான் என்று நம்பினேன்.

கம்பம்மெட்டு அக்கா:

நகரித் தம்பி, நன்றாகச் சொன்னாய். அந்த மூன்று புள்ளியை என் விளையாட்டுக்காரர்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்திருக்கலாம்.

‘டிராகன் ஏஜ்’ முதல் பாகம், 2009. ஆறு பிறப்புக் கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் குள்ளர்களின் பாதாள நகரத்தில் சாதிக்குப் புறம்பானவளாகப் பிறந்த பெண்ணை எடுத்தேன். அங்கே அப்படிப் பிறந்தவர்களின் முகத்திலேயே பச்சை குத்திவிடுவார்கள். எங்கே போனாலும் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு மேல் விளக்கம் நம்மிடையே யாருக்கும் தேவைப்படாது. அந்தப் பச்சை முகத்தோடு அவள் ஒரு நாட்டையே காப்பாற்றினாள். அரசர் அவையில் நிறுத்திக் கைதட்டினார்கள். நான் அன்று இரவு தூங்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் நாயகி வேறு, ஹாக். என்னுடைய ஹாக் ஒரு நக்கல் பிடித்த பெண். சரி, பழையவள் எங்கேயோ நன்றாக இருக்கட்டும் என்று விட்டேன். 2014இல் மூன்றாம் பாகம் ‘இன்க்விசிஷன்’. அதில் முந்தைய முடிவுகளைச் சொல்ல ‘கீப்’ என்று ஓர் இணையதளம். யாரை மணந்தாய், யாரை அரசனாக்கினாய், யாரைக் கொன்றாய் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. ரேஷன் அட்டைக்கு விண்ணப்பம் நிரப்புவது போலப் பொறுமையாக நிரப்பினேன். நிரப்பியது வீண் போகவில்லை. ஒருநாள் என் குள்ளப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது.

கடிதம் மட்டும். ஆள் வரவில்லை. அவளைப் போன்ற ‘வார்டன்’ என்ற வீரர்கள் எல்லோருக்கும் இரத்தத்தில் ஒரு நஞ்சு உண்டு. சில பத்தாண்டுகளில் அது அவர்களைக் கூப்பிட்டுக் கொன்றுவிடும். அதற்கு மருந்து தேடித் தொலைதூரம் போயிருக்கிறாளாம். வளைகுடாவில் இருந்த என் அண்ணன் எழுதும் கடிதமும் இப்படித்தான் இருக்கும்: இங்கே நலம், அங்கே எப்படி, இந்த வருடம் வர முடியாது. அந்தக் கடிதத்தை நான் பலமுறை திறந்து படித்தேன். முதல் பாகத்தில் அவளுக்குக் குரலே கிடையாது. வசனத்தை நாம் படித்துக்கொள்வோம். ஆறு பிறப்பு, எத்தனையோ முகம். அவளை நேரில் கொண்டுவந்து ஒரு குரலைப் பொருத்தியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. கடிதம்தான் சரி.

ஹாக்குக்குக் குரல் இருந்தது. அதனால் அவள் நேரிலேயே வந்தாள். முகத்தை நாமே மறுபடி செதுக்கிக் கொடுக்க வேண்டும், சரி. வந்தவளைப் பேய் உலகத்தில் கொண்டுபோய், தப்பி ஓடும்போது ஒருவர் பின்தங்கிச் சாக வேண்டும் என்கிறார்கள். இந்தப் பக்கம் ஹாக், அந்தப் பக்கம் முதல் பாகத்தில் என் குள்ளப் பெண்ணோடு தோளோடு தோள் நின்ற அலிஸ்டர். யாரை விடுவது? சமையலை அப்படியே விட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. கடைசியில் ஹாக்கை விட்டேன். அவள் நக்கலாகவே ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். என் கையால் உருவானவளை என் கையாலேயே பலி கொடுக்க வைத்தார்கள், படுபாவிகள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்த வரிசையில் அதுதான் எனக்கு மிக உயர்ந்த இடம்.

2024இல் நான்காம் பாகம் ‘வெயில்கார்ட்’. அதில் பழைய கதையிலிருந்து மூன்றே மூன்று கேள்வி கேட்டார்கள், மூன்றும் மூன்றாம் பாகத்தைப் பற்றி. என் குள்ளப் பெண் வாழ்ந்தாளா, மருந்து கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் அத்தனை பக்கம் படிவம் நிரப்பியவளிடம் இப்படியா?

களியக்காவிளை:

அக்கா சொன்ன படிவத்தைவிட நாசூக்காகக் கேட்ட ஒருவனை எனக்குத் தெரியும்.

2003இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’. ஸ்டார் வார்ஸ் உலகம். (இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, இனிமேல் முடிச்சை அவிழ்ப்பது பாவமில்லை.) பெயர் வைத்து, பெண்ணாக உருவாக்கி ஆடிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் போன பிறகு, நினைவு அழிக்கப்பட்ட பழைய வில்லன் ரெவன் நானேதான் என்று தெரிகிறது. தலை சுற்றியது.

இரண்டாம் பாகம் அடுத்த வருடம். நாயகி வேறு. ரெவன் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டார். ஆட்டன் என்ற தோழன் ஒருவன் பேச்சுவாக்கில் ரெவனைப் பற்றி இழுக்கிறான். அப்போது நாம் சொல்லும் பதில்களிலிருந்து ரெவன் ஆணா பெண்ணா, நல்வழிக்குத் திரும்பினாரா இல்லையா என்பது முடிவாகிவிடும். அவன் தவறாகச் சொன்னால் நாம் திருத்தலாம். அதன்பிறகு எல்லோரும் அந்தக் கணக்கிலேயே பேசுகிறார்கள். படிவமும் இல்லை, கோப்பும் இல்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ‘உங்கள் ஊர் ஆள் ஒருவர் இருந்தாரே, அவருக்கு மகனா மகளா?’ என்று விசாரிப்பாரே, அந்த மாதிரி. நான் ‘பெண்’ என்று திருத்தியபோது உண்மையாகவே ஓர் ஊர்க்காரிக்காகப் பேசினேன்.

அதற்கும் ஆயுசு ஏழு வருடம்தான். 2011இல் வந்த இணையவழி விளையாட்டில் ரெவன் நேரில் வந்தார். ஆண்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

களியக்காவிளை, அதுதான் எனக்கு ஏய்டனிடம் நேர்ந்தது. விசாரித்துவிட்டு மறந்தால் மன்னிக்கலாம். விசாரித்துவிட்டு வேறு பெயரை எழுதினால் எப்படி?

கோப்பு, படிவம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. ‘கோல்டன் சன்’, 2001. துபாய் மாமா கேம் பாய் அட்வான்ஸ் கொண்டுவந்தார். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்துக்கு முதல் பாகத்தின் ஆட்களைக் கொண்டுபோக இரண்டு வழி: கேபிள், அல்லது கடவுச்சொல். கேபிளுக்கு இரண்டு இயந்திரம் வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றுதான். கடவுச்சொல்லோ முழுதாக வேண்டுமென்றால் 260 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து. நான் படிக்கப் படிக்கத் தங்கை கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். இரண்டாம் பாகத்தில் 260ஐயும் தட்டினேன். தவறு என்றது. மறுபடி தட்டினேன். தவறு. எங்கோ ஒரே ஓர் எழுத்தைத் தங்கை மாற்றி எழுதியிருக்கிறாள். எது என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் பாகத்தைக் கேட்டு வாங்கிப் போன நண்பன் அதை அழித்துப் புதிதாகத் தொடங்கிவிட்டான். ஒரு கோடைக்காலம் முழுக்க நான் வளர்த்தவர்கள் அந்தக் கணக்கு நோட்டில் கிடக்கிறார்கள்.

தணிகைப் படிக்கட்டு:

எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். தப்பிக்கும் கலையில் கைதேர்ந்தவர்கள் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ ஆட்கள். அவர்களிடம் யாருக்கும் கோபம் வராது.

1996இல் அந்த வரிசையின் ‘டாகர்ஃபால்’ பல முடிவுகளோடு வந்தது. எது நிஜம்? 2002இல் ‘மாரோவிண்ட்’ விடை சொன்னது: காலமே அங்கே உடைந்துபோயிற்று, எல்லா முடிவும் ஒரே நேரத்தில் நடந்தன. முடிந்தது வழக்கு. எங்கள் திருத்தணி 1960 வரை ஆந்திராவில் இருந்தது. எல்லைத் தகராறு நடந்த நாட்களைப் பற்றி எங்கள் தெருவில் நான்கு பெரியவர்களைக் கேட்டால் நான்கு கதை வரும், நான்கிலும் சொல்பவரே முன்வரிசையில் நின்றிருப்பார். அதனால் இந்த விடை எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

‘மாரோவிண்ட்’ நாயகன் அடுத்த பாகத்தில் என்ன ஆனான்? அகாவிர் என்ற தூரதேசத்துக்குக் கப்பலேறிப் போய்விட்டதாக வழியில் போகிறவர்கள் வம்பு பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆணா பெண்ணா, மனிதனா பல்லியா, ஒன்றும் இல்லை. 2006இன் ‘ஆப்ளிவியன்’ நாயகனோ கூடுதல் கதையொன்றில் பித்துக்கடவுள் ஷியோகோரத்தின் பதவியை ஏற்கிறான். 2011இல் ‘ஸ்கைரிம்’ ஆடும்போது அந்தப் பித்துக்கடவுளைச் சந்தித்தேன். உளறிக்கொண்டே போகிறவர், அந்தப் பழைய ரகளையில் தானும் இருந்ததாகச் சொல்லி, பட்டாம்பூச்சி, ரத்தம், நரி, வெட்டுண்ட தலை என்று அடுக்கினார். சட்டென்று கை நின்றது. அதெல்லாம் நான் செய்த வேலைகள். எதிரே நிற்கும் கிழவர் நான்தான்! ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, நான் கேட்கவும் வழியில்லை. தெரிந்தவனுக்குத் தெரியட்டும் என்று விட்டார்கள்.

குப்பம் எல்லைக்கல்:

‘ஃபால்அவுட்’ பற்றி யாரும் சொல்லவில்லையே. 1997இல் முதல் பாகம். அணுப்போருக்குப் பின் நிலவறையில் பிறந்து வளர்ந்த ஆள், வெளியே வந்து தன் மக்களுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கான சில்லைத் தேடிக் கொடுத்து, எல்லோரையும் காப்பாற்றித் திரும்புகிறான். வாசலில் நிறுத்தி, ‘நீ மாறிவிட்டாய், உள்ளே வராதே’ என்று தலைவர் அனுப்பிவிடுகிறார். இந்த இடத்தில் நான் அந்தத் தலைவரைச் சுட்டேன். பலரும் சுட்டிருப்பீர்கள்.

அடுத்த வருடமே இரண்டாம் பாகம். கதையில் 80 ஆண்டுகள் போய்விட்டன. துரத்தப்பட்டவன் வடக்கே போய் ஒரு கிராமத்தை உண்டாக்கியிருக்கிறான். நாம் இப்போது அவனுடைய பேரப்பிள்ளை. அவன் உடுத்தியிருந்த நீல உடையை, முதுகில் 13 என்று எழுதியதை, ஊரார் தெய்வ உடை போலக் காத்து வைத்திருக்கிறார்கள். சோதனைக் கோயிலைக் கடந்தால்தான் அதை உடுத்தலாம்.

எங்கள் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவின் வேட்டியும் ஒரு கத்தியும் மரப்பெட்டியில் இருக்கின்றன. வருடம் ஒருமுறை திறப்பார்கள். அவர் யார், எப்படி இருந்தார் என்று கேட்டால் பெரியப்பா ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார். பெட்டியைப் பற்றி மட்டும் இருவருக்கும் தகராறு இல்லை. ‘ஃபால்அவுட்’ இரண்டாம் பாகத்தில் அந்த நீல உடையைப் பார்த்தபோது, என் ஆளை இவர்கள் தொடவே இல்லை, மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்தத் தாத்தாவை ஆணாகத்தான் பேசுகிறார்கள், களியக்காவிளைக்கு அதில் வருத்தம் இருக்கும். எனக்கு அது சரியாகவே பொருந்திவிட்டது.

புளியரை மழை:

குப்பம் அண்ணே, நானும் சுட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோரும் சுட்டிருக்கிறோம் போலிருக்கிறது.

குப்பம் சொன்ன பெட்டியைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2021இல் ‘டயாப்ளோ’ இரண்டாம் பாகத்தைப் புது மெருகோடு வெளியிட்டார்கள். போன ஓணம் விடுமுறையில் மாமன் மகனின் பையனோடு உட்கார்ந்து அதை ஆடினேன். கறுப்புத் துணிக்காரன் வந்ததும் ‘யார் பெரியப்பா இவன்?’ என்று கேட்டான். மூன்றாம் பாகத்தில் சொன்ன பெயரை நான் சொல்லவில்லை. நம்முடைய கருப்பசாமி என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்படியானால் நாம் ஏன் அவரைத் துரத்துகிறோம்?’ என்றான். சுடுகாட்டில் பிளட் ரேவன் வந்தபோது அவன் அப்பாவைக் கூப்பிட்டோம். அவர் இன்றுவரை அவளைச் சுட மாட்டேன் என்கிறார். பையன்தான் சுட்டான்.

பொள்ளாச்சித் தங்கை:

அண்ணா, இந்தப் பக்கத்தை எனக்கு யாரோ அனுப்பினார்கள். 260 எழுத்தில் தவறு என்னுடையது இல்லை. நடுவில் மின்சாரம் போயிற்று, நீங்கள் திண்ணைக்கு எழுந்து போனீர்கள், திரும்பி வந்து ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தீர்கள். நான் அப்போதே சொன்னேன், கேட்கவில்லை. அந்தக் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்: 250 எழுத்துதான் இருக்கிறது.